ராத்திரி ஷிப்ட் மீன்கள்!

பகலெல்லாம் ரூம்ல முடங்கிக் கிடந்துட்டு, இருட்டினதும் தலையை வாரிக்கிட்டு வெளியே கிளம்பி, விடியறதுக்கு முன்னாடி சத்தமில்லாம திரும்பி வர்ற கோஷ்டி எல்லா ஹாஸ்டல்லயும் உண்டு. வார்டனோட டார்ச் வெளிச்சம் எங்கே விழுது, எங்கே விழலைங்கிற கணக்குதான் அவங்களுக்கு டைம் டேபிள்!

சிரிக்காதீங்க. உலகத்திலேயே மிகப் பெரிய பயணம் இதே கணக்கில்தான் நடக்கிறது. அதுவும் தினமும், எல்லாக் கடல்களிலும்! ஆழத்தில் கிடக்கும் கோடானுகோடி மீன்கள், இறால்கள், கணவாய்கள், கண்ணுக்கே தெரியாத குட்டி உயிரினங்கள் எல்லாம் சூரியன் மறைந்ததும் நூற்றுக்கணக்கான மீட்டர் மேலே ஏறி வருகின்றன. ராத்திரி முழுக்க சாப்பாடு. கிழக்கு வெளுக்கும்போது மறுபடியும் ஆழத்துக்கு ஓட்டம்.

ஆப்பிரிக்கப் புல்வெளியில் ஓடுகிற மான் கூட்டத்தை டி.வி.யில் பார்த்து வாயைப் பிளக்கிறோமே... மொத்த எடையைக் கணக்குப் போட்டால் இந்தக் கூட்டத்துக்கு முன்னால் அது ஒண்ணுமே இல்லை. இத்தனை பேரையும் ஏற்றி இறக்குகிற ஒரே கன்ட்ரோலர்... வெளிச்சம்!

கடலுக்குள் ஒரு ஈ.சி.ஆர்.!

இந்த ரகசியம் வெளியே வந்ததே ஒரு போரால்தான். 1942. இரண்டாம் உலகப் போர் உச்சத்தில் இருந்த நேரம். எதிரி நீர்மூழ்கிக் கப்பலைக் கண்டுபிடிக்க அமெரிக்க விஞ்ஞானிகள் கலிபோர்னியா கடலில் 'சோனார்' கருவியைச் சோதித்துக்கொண்டிருந்தார்கள். மேட்டர் சிம்பிள். கடலுக்குள் ஒலியை அனுப்ப வேண்டும். அது எதன் மீதாவது மோதி எதிரொலியாகத் திரும்பி வரும். வருகிற நேரத்தை வைத்து ஆழத்தைக் கணக்கிடலாம்.

ஆனால் கருவி ஒரு விநோதமான பதிலைச் சொன்னது. பல ஆயிரம் அடி ஆழம் என்று வரைபடம் சொல்லும் இடத்தில், 300 முதல் 450 மீட்டருக்குள்ளேயே தரை தட்டுகிற மாதிரி எதிரொலி! ஒரு இடத்தில் இல்லை, பல மைல் தூரத்துக்கு அப்படியே பாய் விரித்த மாதிரி. அதைக் கண்டுபிடித்த ஐரிங், கிறிஸ்டென்சன், ரைட் என்ற மூன்று பேரின் முதல் எழுத்துகளைச் சேர்த்து அந்த அடுக்குக்குப் பெயர் வைத்தார்கள். என்ன பெயர் தெரியுமா? 'ஈ.சி.ஆர்.'! நம்ம மாமல்லபுரம் போற ரோடு இல்லீங்க, இது கடலுக்கு அடியில் இருக்கிற ஈ.சி.ஆர்.

இது என்ன 'மாயத் தரை' என்று எல்லோரும் மண்டையைப் பிய்த்துக்கொண்டபோது, மார்ட்டின் ஜான்சன் என்ற கடல் உயிரியலாளர் ஒரு யோசனை சொன்னார். 'இது உயிரினங்களின் கூட்டமாக இருந்தால், பகலில் ஒரு ஆழத்திலும் இரவில் வேறு ஆழத்திலும் இருக்க வேண்டும். ராத்திரி முழுக்க உட்கார்ந்து பார்த்துவிடலாம்' என்றார். 1945-ல் ஸ்கிரிப்ஸ் கடலாய்வு நிறுவனத்தின் கப்பலில் அதைச் சோதித்தார்கள். பொழுது சாய்ந்தது. 'தரை' மெதுவாக மேலே எழும்பி வந்தது. விடிந்ததும் கீழே இறங்கியது. தரை எங்கேயாவது வாக்கிங் போகுமா? அத்தனையும் உயிரினங்கள்!

பல மீன்களின் வயிற்றுக்குள் ஒரு காற்றுப்பை இருக்கும். ஒலி அதில் மோதித்தான் எதிரொலிக்கிறது. அந்தக் கூட்டத்தில் ஹீரோ, 'விளக்கு மீன்'. விரல் நீளம்தான் இருக்கும். ஆனால் எண்ணிக்கையில் உலகத்தின் டாப் முதுகெலும்பிகளில் ஒன்று.

சிவப்பு அவுட்... நீலம் மட்டும்தான் பாஸ்!

கடலுக்குள் போகிற வெளிச்சத்துக்கு என்ன நடக்கிறது என்று பார்த்தால்தான் இந்த மீன்களின் கஷ்டம் புரியும்.

சூரிய ஒளியில் எல்லா நிறமும் கலந்திருக்கிறது. தண்ணீர் அதை ஒவ்வொன்றாக வடிகட்டும். முதலில் காலியாவது சிவப்பு. முதல் பத்துப் பதினைந்து மீட்டரிலேயே அதன் கதை ஏறக்குறைய முடிந்துவிடும். அடுத்து ஆரஞ்சு, மஞ்சள், பச்சை. கடைசி வரை தாக்குப் பிடிப்பது நீலம் மட்டும்தான். நல்ல தெளிவான நடுக்கடலில்கூட சுமார் 75 மீட்டர் இறங்குவதற்குள் வெளிச்சம் பத்தில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். அடுத்த 75 மீட்டரில் அதிலும் பத்தில் ஒரு பங்கு!

200 மீட்டர் வரை இருப்பது 'வெளிச்ச மண்டலம்'. தாவர மிதவை உயிரிகள், அதாவது ஒரே செல்லில் ஒளிச்சேர்க்கை செய்கிற பிளாங்க்டன் கூட்டம், வாழ்வது இங்கேதான். கடலின் மெஸ், கேன்டீன் எல்லாமே இந்த மாடியில்தான். 200 முதல் 1,000 மீட்டர் வரை 'அந்தி மண்டலம்'. நேரம் பகல் பன்னிரண்டு மணி என்றாலும் அங்கே எப்போதும் பொழுது சாய்ந்த மாதிரிதான். 1,000 மீட்டருக்குக் கீழே சூரியன் என்ற பேச்சே கிடையாது.

இதை நேரில் போய்ப் பார்த்த முதல் ஆட்கள் வில்லியம் பீபி, ஓட்டிஸ் பார்ட்டன் என்ற இரண்டு அமெரிக்கர்கள். 1934-ல் பெர்முடா தீவுக் கடலில் ஒரு இரும்பு உருண்டைக்குள் கால்களை மடக்கி உட்கார்ந்துகொண்டு, கம்பி வடத்தில் தொங்கியபடி 923 மீட்டர் வரை இறங்கினார்கள். கம்பி அறுந்தால் கதை முடிந்தது! அந்த ஆழத்தில் ஜன்னலுக்கு வெளியே அவர்கள் பார்த்தது இருட்டை மட்டுமில்லை. இருட்டுக்குள் மின்னி மின்னி மறையும் உயிருள்ள விளக்குகளையும்தான். அந்த விளக்குக் கதைக்கு அப்புறம் வருவோம்.

சாப்பாடா... உயிரா?

ஆழ்கடல் உயிரினத்துக்கு ஒரு தர்மசங்கடம். சாப்பாடு இருப்பது மேலே. ஆனால் மேலே வெளிச்சம் இருக்கிறது. வெளிச்சம் இருந்தால் நம்மைச் சாப்பிட வருகிறவனுக்கும் நம்மைத் தெரியும். சூரை மீனுக்கு பகல் வெளிச்சத்தில் ஒரு இறால் தெரிந்துவிட்டால் அவ்வளவுதான்.

கீழேயே பத்திரமாகக் கிடக்கலாமா என்றால் பசி. மேலேயே தங்கலாமா என்றால் மரணம். அதனால்தான் இந்த ராத்திரி ஷிப்ட். இருட்டியதும் ஏறு... வயிற்றை நிரப்பு... விடியும் முன் இறங்கு!

இந்தப் பயணத்தின் தூரத்தை நம்ம சைஸுக்கு மாற்றிப் பார்த்தால் தலை சுற்றும். கோபிபாட் என்று ஒரு குட்டி உயிரினம். இறாலுக்குத் தூரத்துச் சொந்தம். இரண்டு மில்லிமீட்டர் நீளம்தான். ஒரே மாலையில் 200 மீட்டர் ஏறிவிடும். அதாவது தன் உடம்பைப் போல ஒரு லட்சம் மடங்கு தூரம். ஐந்தேகால் அடி உயரமுள்ள ஒருவர் அதே கணக்கில் போனால்... 160 கிலோ மீட்டர்! சென்னையில் காலேஜ் விட்டதும் நீந்த ஆரம்பித்து, பாண்டிச்சேரியில் போய் டின்னரை முடித்துவிட்டு, காலை முதல் பீரியடுக்குள் நீந்தியே திரும்பி வருகிற மாதிரி. தினமும்! இதுல நாம பஸ்ல உட்கார்ந்து வந்துட்டே 'டயர்டா இருக்கு மச்சி'ங்கிறோம்.

எப்போது கிளம்புவது என்று எப்படித் தெரியும்? ஒவ்வொரு உயிரினத்துக்கும் தனக்குப் பழகிய, தனக்குப் பாதுகாப்பான ஒரு வெளிச்ச அளவு உண்டு. 'இவ்வளவு மங்கல்னா ஓகே' என்கிற லிமிட். சூரியன் இறங்க இறங்க அந்த மங்கல் வெளிச்சம் கடலுக்குள் மேலே நகரும். உயிரினமும் அதைத் தொட்டுக்கொண்டே மேலே போகும். நிழலோடு சேர்ந்து நகர்ந்து உட்காருகிற கிராமத்துத் தாத்தா மாதிரி!

நிலா வந்தா ஓடு!

'வெளிச்சம்தான் காரணம்னு எப்படிச் சொல்றீங்க? கடிகாரம் மாதிரி உடம்புக்குள்ளே ஏதாவது இருக்கலாமே' என்று லாஸ்ட் பெஞ்ச்சிலிருந்து ஒரு குரல் கேட்கிறது. நல்ல கேள்வி. உடம்புக்குள் கடிகாரமும் இருக்கிறது. 2017-ல் வட அட்லாண்டிக் கோபிபாட் ஒன்றை ஆராய்ந்தவர்கள், அதன் மரபணுக்களே ஒரு நாளைத் தாளம் போட்டுக் கணக்கிடுவதைக் கண்டுபிடித்தார்கள். ஆனால் அந்தக் கடிகாரத்துக்குச் சாவி கொடுப்பது, தேவைப்பட்டால் அதை ஓவர்டேக் செய்வது எல்லாம் வெளிச்சம்தான். இரண்டு சாட்சிகளைப் பாருங்கள்.

சாட்சி நம்பர் 1, மேகம். வட பசிபிக்கில் நடந்து 2021-ல் வெளியான ஆய்வு இது. பகல் நேரத்தில் சூரியனை மேகம் மறைக்கும்போதெல்லாம், சில நூறு மீட்டர் ஆழத்தில் இருந்த பிளாங்க்டன் கூட்டம் கொஞ்சம் மேலே ஏறியது. மேகம் விலகியதும் இறங்கியது. நம் கண்ணுக்குக் கும்மிருட்டாகத் தெரிகிற இடத்திலிருந்து, வானத்தில் ஒரு மேகம் நகர்வதை அவை கவனித்துக்கொண்டிருக்கின்றன!

சாட்சி நம்பர் 2, நிலா. வட துருவப் பகுதியில் குளிர்காலத்தில் மாதக்கணக்கில் சூரியன் உதிக்கவே உதிக்காது. அப்போது இந்த உயிரினங்கள் லீவ் எடுக்கும் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். 2016-ல் வெளியான ஆய்வு அதை உடைத்தது. சூரியன் இல்லாத அந்த மாதங்களில் அவை நிலாவைப் பார்த்து ஷிப்ட் மாற்றிக்கொள்கின்றன! சூரிய நாளின் 24 மணி நேரத்தை விட்டுவிட்டு, நிலா நாளின் 24.8 மணி நேரத்துக்கு மாறிவிடுகின்றன. பௌர்ணமி வந்தால் கூட்டமே சுமார் 50 மீட்டர் ஆழத்துக்கு இறங்கிவிடுகிறது. ஏனென்றால் நிலா வெளிச்சத்திலும் வேட்டையாடும் எதிரிகள் உண்டு. நிலா வந்தால் ஓநாய் மனிதன் வருவான் என்கிற ஹாலிவுட் பயம், அங்கே நிஜமாகவே இருக்கிறது.

வயித்துல பல்பு!

பகலில் அந்தி மண்டலத்துக்குள் இறங்கிவிட்டால் சேஃபா? அதுவும் இல்லை. அங்கே ஒளிய ஒரு பாறை, ஒரு செடி கிடையாது. சுற்றிலும் வெறும் தண்ணீர். எதிரி கீழேயிருந்து அண்ணாந்து பார்த்தால், மேலேயிருந்து வருகிற மங்கலான நீல வெளிச்சத்தில் உங்கள் உடம்பு கறுப்பு நிழலாகத் தெரிந்துவிடும்.

இதற்கு ஆழ்கடல் மீன்கள் கண்டுபிடித்த ஐடியா அட்டகாசம். நிழல் விழுந்தால்தானே பிரச்னை? வயிற்றில் விளக்கு வைத்துவிட்டால்? விளக்கு மீன், கோடரி மீன் இவற்றின் அடிவயிற்றில் வரிசை வரிசையாக ஒளி உறுப்புகள். மேலேயிருந்து எவ்வளவு வெளிச்சம் வருகிறதோ அதே அளவு, அதே நீல நிறத்தில் வயிறு ஒளிரும். கீழேயிருந்து பார்ப்பவனுக்கு அங்கே மீன் இருப்பதே தெரியாது. வெளிச்சத்தாலேயே மறைந்துபோகும் வித்தை! 1970-களில் உயிருள்ள கணவாய்களைத் தொட்டியில் வைத்து இதைச் சோதித்தார்கள். மேலே லைட்டை மாற்ற மாற்ற, அவையும் தங்கள் வயிற்று விளக்கை ஏற்றி இறக்கி அட்ஜஸ்ட் செய்தன.

இந்த வித்தைக்காரர்களில் ஒருவர் உங்கள் வீட்டுக் குழம்புச் சட்டிக்கே வந்திருப்பார். காரல் மீன்! சென்னைப் பக்கம் காரப்பொடி. ஆழ்கடல் மீன் இல்லை, நம் கரையோரத்து மீன்தான். அதன் உணவுக்குழாயைச் சுற்றி ஒளிரும் பாக்டீரியாக்கள் குடித்தனம் நடத்துகின்றன. அவற்றுக்குச் சாப்பாடும் வீடும் மீன் கொடுக்கிறது. வாடகையாக அவை வெளிச்சம் கொடுக்கின்றன. அந்த வெளிச்சம் வயிறு முழுக்கப் பரவுகிறது. அடுத்த முறை அம்மா காரப்பொடி கழுவும்போது கொஞ்சம் மரியாதையோடு பாருங்கள்.

கறுப்பிலும் கறுப்பு

விளக்கு இல்லாதவர்களுக்கு வேறு வழி இருக்கிறது. அந்த ஆழத்து இறால்கள் பல நல்ல சிவப்பு நிறம். பளிச்சென்று தெரியாதா? தெரியாது. சிவப்பு ஒளி அங்கே எட்டவே எட்டாது. எதிரொலிக்க ஒளி இல்லாததால் சிவப்பு இறால் அங்கே கறுப்பு இறால்தான்.

இன்னும் சில மீன்கள் கறுப்பையே தூக்கிச் சாப்பிடுகின்றன. ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தின் கேரன் ஆஸ்பர்ன் ஆழ்கடல் மீன்களைப் போட்டோ எடுக்கப் போனார். எவ்வளவு லைட் அடித்தாலும் சில மீன்கள் வெறும் நிழலாகவே பதிவாகின. கேமரா ரிப்பேர் இல்லை. மீனின் தோல் அப்படி! அவரும் குழுவினரும் 2020-ல் வெளியிட்ட ஆய்வில், 16 வகை மீன்கள் தங்கள் மேல் விழும் ஒளியில் 0.5 சதவிகிதத்துக்கும் குறைவாகவே திருப்பி அனுப்புவது தெரியவந்தது. தோலுக்குள் நிறமித் துணுக்குகளை நெருக்கமாக அடுக்கி வைத்து, வருகிற ஒளியை உள்ளேயே சிக்க வைத்துவிடுகின்றன. பக்கத்தில் எவனாவது டார்ச் அடித்தாலும் ஆள் அகப்படமாட்டார்.

டார்ச் அடிக்கிற ஆளும் உண்டு. 'டிராகன் மீன்' குடும்பத்தில் ஒரு வில்லன். பெயர் மலக்கோஸ்டியஸ். அதன் கண்ணுக்குக் கீழே ஒரு சிவப்பு விளக்கு. அந்த ஆழத்தில் பெரும்பாலான உயிரினங்களுக்கு நீலம் மட்டும்தான் தெரியும், சிவப்பு தெரியாது. ஆக இது சிவப்பு டார்ச் அடித்துப் பக்கத்தில் வந்து நின்றாலும் இரைக்குத் தெரியாது! சரி, இதற்கு மட்டும் சிவப்பு எப்படித் தெரிகிறது? 1998-ல் விடை கிடைத்தது. அதன் கண்ணில் இருப்பது பச்சையத்திலிருந்து வந்த ஒரு பொருள்! இலையில் இருக்கிற பச்சையம் ஆழ்கடல் மீனின் கண்ணுக்கு எப்படிப் போனது? தாவர பிளாங்க்டனைச் சாப்பிட்ட கோபிபாட்... கோபிபாட்டைச் சாப்பிட்ட டிராகன் மீன். நாம 'கண்ணுக்கு நல்லதுடா'னு கேரட் சாப்பிடற மாதிரி!

கேட்சிங் எ திருடன்!

2017-ல் கலிபோர்னியாவின் மான்டெரே வளைகுடா ஆய்வு மையத்தார் ஒரு கணக்கு வெளியிட்டார்கள். 17 வருடங்களில் ரோபோ கேமராக்கள் பதிவு செய்த மூன்றரை லட்சம் பார்வைகளை அலசினார்கள். கடல் பரப்பிலிருந்து 4,000 மீட்டர் ஆழம் வரை, தண்ணீரில் தென்பட்ட உயிரினங்களில் சுமார் 76 சதவிகிதம் ஒளிரும் வகை. அங்கே லைட் இல்லாதவன்தான் சிறுபான்மை!

தூண்டில் மீன் தன் நெற்றிக் குச்சியில் விளக்கு மாட்டி இரையை வா வா என்று கூப்பிடும். சில இறால்கள் எதிரியின் முகத்தில் ஒளிரும் திரவத்தைக் கக்கிவிட்டு எஸ்கேப் ஆகும். ஆனால் சூப்பர் ஐடியா, அட்டோலா என்ற சொறி மீனுடையது. எவனாவது கடிக்க வந்தால் உடம்பைச் சுற்றி நீல விளக்கைச் சக்கரம் போலச் சுழல விடும். 'திருடன், திருடன்!' என்று தெருவையே கூப்பிடுகிற மாதிரி. அந்த வெளிச்சத்தைப் பார்த்து இன்னும் பெரிய எதிரி வந்து, கடிக்க வந்தவனைக் கவ்விக்கொண்டு போய்விடும். சொறி மீன் தப்பித்துவிடும்.

இதை வைத்து ஒருவர் வரலாறே படைத்தார். ராட்சதக் கணவாயை அதன் சொந்த ஆழத்தில் வீடியோ எடுக்க எத்தனையோ பேர் பல வருடம் முயன்று தோற்றிருந்தார்கள். எடித் விடர் என்ற அமெரிக்கப் பெண் விஞ்ஞானி, தப்பு நம் பக்கம் இருக்கலாம் என்று நினைத்தார். பளீரென்ற வெள்ளை ஃபோகஸ் லைட்டோடு போனால் எந்தக் கணவாய் வரும்? ஆழ்கடல் கண்களுக்குத் தெரியாத சிவப்பு விளக்கை கேமராவில் பொருத்தினார். தூண்டிலாக, நீல எல்.இ.டி. விளக்குகள் வட்டமாகச் சுழலும் ஒரு பொம்மை அட்டோலாவைக் கட்டிவிட்டார். 2012-ல் ஜப்பானின் ஒகாசவாரா தீவுகளுக்கு அருகே அந்தக் கேமராவைத் தேடி ராட்சதக் கணவாயே வந்தது! 2019-ல் மெக்சிகோ வளைகுடாவில், 759 மீட்டர் ஆழத்தில் அதே டெக்னிக் மறுபடியும் ஜெயித்தது. அவர்களின் பாஷையில், அதாவது வெளிச்சத்தில், பேசினார். பதில் கிடைத்தது.

துளித் துளியாய்...

* 2019 ஆகஸ்ட் மாத இரவு ஒன்றில் சென்னையின் திருவான்மியூர், பாலவாக்கம் பக்கம் அலைகள் நீலமாக மின்னின. ஊரே செல்போனோடு பீச்சில் கூடியது. காரணம், நாக்டிலூகா என்ற ஒரு செல் பிளாங்க்டன். அலை அடித்து அசைந்தாலே பளிச்சிடும். பார்க்க அழகு. ஆனால் அது அளவுக்கு மீறிப் பெருகுவது கடலின் ஆரோக்கியத்துக்கு நல்ல அறிகுறி இல்லை.

* நம் கண்ணில் மங்கல் வெளிச்சத்துக்கான ஒளி நிறமி ஒரே ஒரு வகைதான். 'வெள்ளி முள்துடுப்பு' என்று சொல்லக்கூடிய ஒரு ஆழ்கடல் மீனுக்கு அதற்கான மரபணுக்கள் மட்டும் 38! 2019-ல் இந்தத் தகவல் வெளியானபோது விஞ்ஞானிகளே அசந்துபோனார்கள்.

* 'பீப்பாய்க் கண்' மீனின் தலை, கண்ணாடி மாதிரி உள்ளே தெரியும். அந்தக் கண்ணாடிக் கூண்டுக்குள்ளிருந்தே பச்சை நிறக் கண்களை மேல் பக்கமும் முன் பக்கமும் திருப்பிக்கொள்ளும். தலையைத் தூக்காமலே மொட்டை மாடியைப் பார்க்கலாம்!

நாம போட்ட லைட்!

'சரி, எங்கேயோ ஒரு மீன் ஏறுது, இறங்குது. எனக்கென்ன?' என்று கேட்டால்...

இந்த ராத்திரி ஷிப்ட் கோஷ்டி நமக்காக ஒரு வேலை செய்கிறது. மேலே வந்து சாப்பிடுகிறது இல்லையா... அந்தச் சாப்பாட்டில் இருப்பது காற்றிலிருந்து தாவர பிளாங்க்டன் பிடித்து வைத்த கார்பன். சாப்பிட்டுவிட்டுக் கீழே போய் அங்கே மூச்சு விடுகின்றன, கழிவை வெளியேற்றுகின்றன. அப்படிக் காற்றிலிருந்த கார்பனில் ஒரு பங்கு ஆழத்துக்குப் போய், நீண்ட காலம் அங்கேயே தங்கிவிடுகிறது. சம்பளம் வாங்காத கூரியர் சர்வீஸ்! பூமி சூடாவதைத் தடுப்பதில் இதற்கும் பங்கு உண்டு.

எத்தனை மீன்கள் இந்த வேலையில் இருக்கின்றன? 2010-ல் ஸ்பெயின் நாட்டின் மலாஸ்பினா ஆய்வுக் கப்பல் உலகைச் சுற்றி எதிரொலி அளந்தது. அதை வைத்து 2014-ல் வெளியான கணக்கு, அந்தி மண்டல மீன்களின் எடை 1,000 கோடி டன்னைத் தொடலாம் என்றது. அதற்கு முன் எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்தது அதில் பத்தில் ஒரு பங்குதான். இந்தக் கணக்கைப் பார்த்ததும் சில நாடுகளுக்கு ஆசை வந்துவிட்டது. இந்த மீன்களை அள்ளி வந்து, அரைத்து, வளர்ப்பு மீன்களுக்குத் தீவனமாகப் போடலாமா என்று யோசிக்கிறார்கள். கூரியர் பையனையே கடத்துகிற பிளான்!

இன்னொரு ஆபத்து, நாம் போடுகிற லைட். நார்வே விஞ்ஞானிகள் தலைமையிலான குழு 2020-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று. துருவ இரவின் இருட்டில் ஒரு கப்பலின் சாதாரண வேலை விளக்குகளைப் போட்டுப் பார்த்தார்கள். 200 மீட்டர் ஆழம் வரை மீன்களும் பிளாங்க்டனும் இடம் மாறின. இதில் ஒரு கூத்து என்னவென்றால், கடலில் எவ்வளவு மீன் இருக்கிறது என்று கணக்கெடுக்கிற கப்பல்களும் இதேபோல லைட்டைப் போட்டுக்கொண்டுதான் கணக்கெடுக்கின்றன. அப்படியானால் அந்தக் கணக்கு எவ்வளவு சரி?

நம் மீனவர்களுக்கு இந்தக் கதை புதுசு இல்லை. ராத்திரியில் பவர்ஃபுல் எல்.இ.டி. விளக்குகளைக் கடலுக்கு மேல் போட்டால் பிளாங்க்டன் கூடும், அதைத் தின்னக் குட்டி மீன் வரும், அதைத் தின்னப் பெரிய மீனும் கணவாயும் வரும். வலையைச் சுருக்கினால் குஞ்சு குளுவான் எல்லாம் மொத்தமாகக் காலி. ஒரு போட்டுக்கு ஜாக்பாட். பக்கத்தில் சாதாரண வலையோடு போன கட்டுமரத்துக்காரருக்கும் நாட்டுப்படகுக்காரருக்கும் வெறுங்கை. 'லைட் போட்டுப் பிடிக்கிறதை நிறுத்துங்க' என்று கரையோர மீனவர்கள் போராடினார்கள். 2017 நவம்பரில் மத்திய அரசு, இந்தியக் கடல் எல்லைக்குள் செயற்கை விளக்கு போட்டு மீன் பிடிப்பதற்குத் தடை விதித்தது. மீன்களை ஒரு ஸ்விட்ச்சில் ஏமாற்றுகிற வேலை அது. தடையை மீறி நடக்கிறது என்ற புகார் அதற்குப் பிறகும் வரத்தான் செய்தது.

உள்ளே இறங்க ரெடியா?

படிக்கும்போதே கடலில் குதிக்கணும் போல இருக்கிறவர்களுக்கு ஒரு குட் நியூஸ். இதைப் படிக்க ரொம்ப தூரம் போக வேண்டாம். கடல் உயிரியலுக்கு அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் பரங்கிப்பேட்டை மையம் இருக்கிறது. மீன்வளம் படிக்க தூத்துக்குடி மீன்வளக் கல்லூரி. மண்டபத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் மையம். கொஞ்சம் தள்ளி கொச்சியில் இருக்கிற கடல்வாழ் உயிர்வள ஆய்வு மையம், அரபிக்கடலின் விளக்கு மீன்களையே ஆராய்கிறது.

பயாலஜி என்றாலே அலர்ஜியா? மெக்கானிக்கல், எலெக்ட்ரானிக்ஸ் பசங்களுக்கும் இங்கே வேலை இருக்கிறது. சென்னை பள்ளிக்கரணையில் உள்ள தேசிய கடல் தொழில்நுட்பக் கழகம், மூன்று பேரை 6,000 மீட்டர் ஆழத்துக்கு அழைத்துப் போவதற்காக 'மத்ஸ்யா 6000' என்ற வாகனத்தை உருவாக்கியிருக்கிறது. பீபியின் இரும்பு உருண்டைக்கு வந்த நம்ம ஊர் பேரன்! எடித் விடர் காட்டிக்கொடுத்த பாடம் இதில் இறங்கப் போகிறவர்களுக்கும் பொருந்தும். லைட்டைப் போட்டுக்கொண்டு போனால், லைட்டைப் பார்த்து ஓடாதவர்களை மட்டும்தான் பார்க்க முடியும். மற்றவர்களைப் பார்க்க, முதலில் லைட்டை அணைக்கத் தெரியணும்.

இன்னிக்கு சாயங்காலம் ஆறரை மணிக்கு நீங்க எங்கே இருந்தாலும் சரி... டீக்கடை, பஸ் ஸ்டாப், மெரினா மணல். வானம் மங்கும்போது ஒரு செகண்ட் நினைச்சுப் பாருங்க. வங்காள விரிகுடாவின் ஆழத்தில் அந்த ஷிப்ட் இப்பதான் கிளம்புது!